பன்னிரண்டு என்று எழுதாத பன்னிரண்டு மணி நேரச் சட்டம்

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு சட்டமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடருக்கு அன்றுதான் கடைசி நாள். கடைசி நாளில் மசோதாக்கள் வரிசைகட்டி நிறைவேறுவது வழக்கம். அந்த வரிசையில் ஒன்பது நாள் முன்பு, ஏப்ரல் 12 அன்று அறிமுகமான ஒரு சின்ன மசோதாவும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், தமிழ்நாட்டுக்கு மட்டும், 65ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் செருகும் திருத்தம் அது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டு வந்தார். காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள், மதிமுக என்று அப்போது ஆளுங்கட்சியாக இருந்த திமுகவின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே எண். பன்னிரண்டு. ‘12 மணி நேர வேலை மசோதா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை, 24ஆம் தேதி, அமைச்சர்கள் தொழிற்சங்கங்களைத் தலைமைச் செயலகத்துக்கு அழைத்துப் பேசினார்கள். அன்றே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மசோதா மீதான மேல் நடவடிக்கைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். அடுத்த திங்கள், மே 1. சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் மசோதா திரும்பப் பெறப்படுகிறது என்று அவரே சொன்னார். நிறைவேறியதிலிருந்து எண்ணினால் பத்து நாள் ஆயுசு.

நடந்தது இவ்வளவுதான். இதை ‘எதிர்ப்பு வென்றது’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அன்றைக்கு நானும் அப்படித்தான் முடித்தேன். கொஞ்ச நாள் கழித்து மசோதாவையும் பழைய சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. நாம் சண்டை போட்ட எண் மசோதாவில் இல்லவே இல்லை. அந்த எண் இருந்தது பழைய சட்டத்தில். அதுவும் தொழிலாளியைக் காப்பாற்றுகிற இடத்தில்.

ஆறு பிரிவுகள்

அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தில் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தியது ஆறு பிரிவுகள் என்று சொல்லலாம். 51: வாரத்துக்கு 48 மணி நேரம். 52: வார விடுமுறை. 54: நாளுக்கு 9 மணி நேரம். 55: தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு. 56: ஓய்வையும் சேர்த்து உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகிற வரை பத்தரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தொழிற்சாலையில் வேலை நேரக் கணக்கு வைக்கிற டைம் ஆஃபீசில் இதை ‘ஸ்பிரெட் ஓவர்’ என்போம். 59: நாளில் 9 மணி நேரத்தையோ வாரத்தில் 48 மணி நேரத்தையோ தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு இரட்டைக் கூலி.

இந்த ஆறில் விலக்கு கொடுக்க மாநில அரசுக்குப் பழைய சட்டத்திலேயே வழி இருந்தது. 65ஆம் பிரிவு. திடீரென ஆர்டர் குவிந்து வேலை நெருக்கடி ஏற்பட்டால் விலக்கு தரலாம் என்கிறது அது. ஆனால் எவற்றிலிருந்து? 51, 52, 54, 56. அந்தப் பட்டியலில் 55 இல்லை, 59 இல்லை. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அரை மணி ஓய்விலும் இரட்டைக் கூலியிலும் இந்தப் பிரிவை வைத்துக் கை வைக்க முடியாது. அப்புறம், கொடுக்கிற விலக்குக்கும் அதே பிரிவு வேலி போடுகிறது. நாளுக்கு மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஸ்பிரெட் ஓவர் 13 மணி நேரம், ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலையையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரம்; ஒரே ஆளைத் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் ஓ.டி. பார்க்க வைக்கக் கூடாது. மூன்று மாதக் காலாண்டுக்கு ஓ.டி. 75 மணி நேரம்தான்.

பன்னிரண்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. உச்சவரம்பாக.

இப்போது 65ஏ. எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும், அரசு அறிவிக்கை மூலம் விலக்கு தரலாம். எவற்றிலிருந்து? 51, 52, 54, 55, 56, 59. ஆறும். வேலை நெருக்கடி இருந்தாக வேண்டும் என்ற தேவை இல்லை. 12 இல்லை, 13 இல்லை, 60 இல்லை, 75 இல்லை. நிபந்தனைகளுக்கு உட்பட்டு என்று ஒரு சொற்றொடர் உண்டு. அந்த நிபந்தனை என்ன என்பதை அரசு பிற்பாடு தீர்மானித்துக்கொள்ளும். மசோதாவின் நோக்க உரை, நெகிழ்வான வேலை நேரம் வேண்டுமென்று தொழில் அமைப்புகள் கேட்டுக்கொண்டதைக் காரணமாகச் சொன்னது.

இந்த இரண்டு பட்டியலையும் அருகருகே எழுதிப் பாருங்கள். கூடுதலாக முளைத்த இரண்டு எண்கள், 55ம் 59ம், மசோதாவின் மொத்தக் கதையையும் சொல்லிவிடும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் மட்டும்தான் தேவை என்றால் 54லும் 56லும் விலக்கு கேட்டிருந்தால் போதும். வாரம் 48 மணி நேரம் மாறாது என்றால் 51 எதற்குப் பட்டியலில்? மூன்று நாள் விடுமுறை தரப்போகிறோம் என்றால் வார விடுமுறையிலிருந்து, அதாவது 52லிருந்து, எதற்கு விலக்கு? சட்டமன்றத்தில் அப்போதைய தொழில்துறை அமைச்சர் தங்கம் தென்னரசு சொன்ன விளக்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது: வாரத்துக்கு 48 மணி நேரம்தான், விரும்புகிற தொழிலாளர்களுக்கு மட்டும், நாலு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் ஓய்வு. அந்த விளக்கத்தில் ஒரு வரிகூட பிரிவுக்குள் இல்லை. நாளைக்கு வேறு அமைச்சர், வேறு ஆட்சி. தொழிற்சாலை ஆய்வாளர் கையில் இருக்கப்போவது 65ஏ-வும் அதன் கீழ் வந்த அறிவிக்கையும். அவைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து யாரும் ஷிப்ட் போடுவதில்லை.

வாரத்துக்கு 900 ரூபாய்

‘அதே 48 மணி நேரம்தானே, ஆறு நாளில் செய்தால் என்ன, நாலு நாளில் செய்தால் என்ன?’ என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஒரு கணக்கு போடுவோம்.

ஒரு தொழிலாளிக்கு எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75. நாலு நாள், நாளுக்கு 12 மணி நேரம், மொத்தம் 48. நேர்க்கணக்கில் 3,600 ரூபாய். ஆனால் 59ஆம் பிரிவு உயிரோடு இருந்தால், ஒவ்வொரு நாளும் 9 மணி நேரத்துக்கு மேல் போன 3 மணி நேரம் ஓ.டி. வாரத்துக்கு 12 மணி நேர ஓ.டி. அதற்கு இரட்டை விகிதம், மணிக்கு 150. ஆக 36 மணி நேரம் 75 வீதம் 2,700, 12 மணி நேரம் 150 வீதம் 1,800, கூட்டினால் 4,500. அதே வாரம், அதே 48 மணி நேரம், அதே ஆள். வித்தியாசம் 900 ரூபாய். மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 3,900.

59 ஏன் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஊதியமும் ஓ.டி.யும் விடுப்பும் இப்போதுள்ளபடியே தொடரும் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது உண்மை. அப்படியானால் 59ஐப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கலாமே? ஒரு எண்ணை அடித்துவிட்டால் முடிந்துபோகிற வேலை.

இதே கணக்கு ஏற்கெனவே ஒரு முறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், குஜராத் அரசு ஓர் அறிவிக்கை போட்டது. நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி கிடையாது, சாதா விகிதம்தான். போரோ உள்நாட்டுக் கலவரமோ நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்துகிற ‘பொது நெருக்கடி’க்காகச் சட்டத்தில் வைத்திருந்த 5ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு போட்ட அறிவிக்கை. குஜராத் மஸ்தூர் சபா உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு அறிவிக்கையை ரத்து செய்தது. பெருந்தொற்றின் பொருளாதாரப் பாதிப்பு அந்தப் பிரிவு சொல்கிற நெருக்கடி ஆகாது என்றது. இடைப்பட்ட மாதங்களில் பார்த்த கூடுதல் வேலைக்கு இரட்டைக் கூலியே தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டதால்தான் குஜராத் அறிவிக்கை விழுந்தது. சட்டத்திலேயே அந்த அதிகாரத்தை எழுதிவிட்டால்? 65ஏ செய்யவிருந்தது அதைத்தான். குஜராத்தில் தொழிலாளர்களைக் காப்பாற்றிய அந்த வாதம் இங்கே எடுபட்டிருக்காது.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

நான் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் டைம் ஆஃபீசில் நாலு வருடம் வேலை பார்த்தவன். பெயர் வேண்டாம். அது மாதிரி நிறைய உண்டு. ஓ.டி. என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இரண்டு ரிஜிஸ்டர்கள் ஞாபகம் வரும். ஒன்று பச்சை பைண்டிங், ஆய்வாளர் வந்தால் மேஜைக்கு வருவது. காலாண்டுக்கு 75 மணி நேரத்தை அதில் யாரும் தாண்டியதில்லை. அவ்வளவு ஒழுக்கமான ரிஜிஸ்டர். இன்னொன்று கம்ப்யூட்டரில், எக்செல் கோப்பு. நிஜமான மணி நேரம் எல்லாம் அதில். 75ஐத் தாண்டிய நேரம் ‘புரொடக்‌ஷன் இன்சென்டிவ்’ என்ற தலைப்பில் சம்பளச் சீட்டில் ஏறும். சிங்கிள் ரேட்.

லைனில் மூத்தவர் ஒருவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் ஜன்னலில் வந்து நின்றார். கையில் சம்பளச் சீட்டு.

“தம்பி, போன வாரம் நாலு நாள் ஓ.டி. பாத்தேன். ரெண்டு நாள்தான் ஏறியிருக்கு.”

“மத்த ரெண்டு நாள் இன்சென்டிவ்ல வந்திருக்குண்ணே. கீழ பாருங்க.”

“அது டபுளா?”

“சிங்கிள்தான்.”

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அப்ப முதல் ரெண்டு நாள் வேலை பாத்திருக்கேன், அடுத்த ரெண்டு நாள் ஊக்கமா இருந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்சென்டிவ் என்பதற்கு ஊக்கத்தொகை என்று சம்பளச் சீட்டில் தமிழிலும் போட்டிருந்தோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 65ஏ-வை ஆதரித்த ஒரு வாதம், ‘எப்படியும் பன்னிரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அதைச் சட்டபூர்வமாக்கினால் ஒழுங்காவது வரும்’ என்பது. ஓடிக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. ஓட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தப் பச்சை ரிஜிஸ்டர் பொய்யாக இருந்தாலும் அதற்கு ஒரு பயம் இருந்தது. ஆய்வாளர் வருகிறார் என்றால் மேனேஜர் மூன்று தரம் போன் செய்வார். அந்த அண்ணன் வழக்கு போட நினைத்திருந்தால் 59ஆம் பிரிவு அவர் பக்கம் இருந்தது. போடவில்லை என்பது வேறு கதை. விலக்கு அறிவிக்கை வந்துவிட்டால் இரண்டாவது ரிஜிஸ்டருக்குத் தேவையே இருக்காது. எக்செல் கோப்பையே ஆய்வாளர் மேஜையில் வைத்துவிடலாம்.

விருப்பம்

‘விரும்பினால் மட்டும்’ என்பதைப் பற்றி. ஷாப் ஃப்ளோரில் விருப்பம் எப்படிக் கேட்கப்படும் என்று தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்திருக்கும். மதியம் மூன்று மணிக்கு சூப்பர்வைசர் லைனுக்கு வந்து “இன்னைக்கு கன்டினியூ பண்ணிடு” என்பார். நிரந்தரத் தொழிலாளி, சங்கத்தில் இருப்பவர், “முடியாது சார், வீட்ல வேலை இருக்கு” என்று சொல்லலாம். காண்ட்ராக்ட் தொழிலாளி சொல்ல முடியுமா? பதினொரு மாதத்தில் கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டியவர் அவர். அப்ரென்டிஸ் கேட்கவே வேண்டாம்.

அதே நேரம், இதில் ஒரு பக்கத்தை மறைக்கக் கூடாது. நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்பதைக் கேட்டுக் கண் விரிந்தவர்களும் இருந்தார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள், ஞாயிறு ஒரு நாள் லீவில் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாதவர்கள். ‘மூணு நாள்னா அம்மாவைப் பாத்துட்டு வந்துடலாம்’ என்பது அவர்களுக்கு உண்மையான லாபம். நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பதால் இது சின்ன விஷயமும் இல்லை. சங்கங்கள் இந்தப் பெண்களிடம் போய்ப் பேசவில்லை என்பது என் மனக்குறை.

ஆனால் வீட்டிலிருந்து வருகிறவர்களின் நாளைப் பாருங்கள். வந்தவாசியிலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ். போக ஒன்றரை, இரண்டு மணி நேரம், வர அதே. 12 மணி நேர ஷிப்டுக்கு ஓய்வையும் சேர்த்தால் கேட்டுக்குள் 13 மணி நேரம். பதினாறு, பதினேழு மணி நேரம் போய்விட்டது. மிச்சம் இருக்கிற ஏழு சொச்சத்தில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைக்கு நோட்டுக்கு அட்டை போட்டு, தூங்கி, விடியற்காலை பஸ்சுக்கு முக்குக்கு வந்து நிற்க வேண்டும். நான்காவது நாள் மாலை, பதினோராவது மணி நேரத்தில், பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிற ஆளின் கையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. முதலுதவிப் பெட்டியின் சாவி டைம் ஆஃபீசில்தான் இருக்கும்.

யார் கேட்டது

மசோதா வானத்திலிருந்து விழவில்லை. அந்த வருடம் பிப்ரவரியில் கர்நாடகம் தன் திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. நாளுக்கு 12 மணி நேரம் வரை, வாரம் 48 என்ற வரம்போடு; காலாண்டு ஓ.டி. வரம்பு 75லிருந்து 145 மணி நேரம். கைபேசித் தயாரிப்பு சீனாவிலிருந்து நகர்கிற காலம். எந்த மாநிலத்துக்குப் போகும் என்ற போட்டியில் பெங்களூருவும் சென்னையும் எதிரெதிரே நின்றன. தமிழ்நாட்டில் மசோதா அறிமுகமாகி நிறைவேறிய அந்த ஒன்பது நாளுக்கு நடுவில், ஏப்ரல் 17 அன்று, தைவானின் பௌ சென் குழுமத்தோடு காலணித் தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 வேலை. இதற்கும் அதற்கும் நேர் தொடர்பு என்று நான் சொல்லவில்லை. அரசு எந்த மனநிலையில் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் 20,000 பேருக்கு வேலை என்பதைச் சாதாரணமாகத் தள்ளிவிடவும் முடியாது.

கர்நாடகத் திருத்தமும் எனக்குப் பிடித்ததல்ல. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் எண்ணைச் சட்டத்துக்குள் எழுதினார்கள். 12, 48, 145. பிடிக்காதவர்கள் அந்த எண்ணைக் காட்டிச் சண்டை போடலாம். நாம் எழுதியதில் எண்ணே இல்லை. அதனால்தான் பத்திரிகைகள் அமைச்சரின் பேச்சிலிருந்து எண்ணை எடுக்க வேண்டியிருந்தது.

எனக்கு இன்னும் விளங்காதது இன்னொன்று. இதே சட்டமன்றம், இதே அமைச்சர் கணேசன், 2021 செப்டம்பரில் கொண்டு வந்த மற்றொரு திருத்தம். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவு. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். 2018இல் கேரளம் செய்ததை அடுத்து நாம் செய்தோம். அந்தப் பிரிவை வாசித்துப் பாருங்கள்: எல்லா நிறுவனங்களிலும், எல்லாப் பணியாளர்களுக்கும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரப் பொருத்தமான இருக்கை இருக்க வேண்டும். யாருக்கு, எங்கே, எதற்கு என்று எல்லாம் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. அமைச்சரின் விளக்கம் தேவையில்லை. நாற்காலிக்கு இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்த துறை, பத்தொன்பது மாதம் கழித்து வேலை நேரத்துக்கு ஏன் இப்படி எழுதியது?

சொந்த வீட்டுச் சண்டை

மசோதா விழுந்ததற்கு வெளிநடப்பு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சட்டமன்றத்தில் எண்ணிக்கை இருந்தது. அரசு தடுமாறியது தன் சொந்தச் சங்கத்தின் முன்னால். தொமுச, அதாவது திமுகவின் தொழிற்சங்கமான தொழிலாளர் முன்னேற்ற சங்கப் பேரவை, வெளிப்படையாக எதிர்த்தது. அதன் பொதுச்செயலாளர் மு. சண்முகம் அப்போது கட்சியின் மாநிலங்களவை உறுப்பினரும்கூட. சிஐடியு, ஏஐடியுசி போன்ற சங்கங்களோடு தொமுசவும் சேர்ந்து நின்றபோது, மே மாதத்தில் ஒரு நாள் வேலைநிறுத்தம் என்ற பேச்சு வெறும் மிரட்டலாக இல்லை. தொமுச வலுவாக இருப்பது போக்குவரத்துக் கழகத்திலும் மின்வாரியத்திலும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதோடு தேதி. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும், இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். 2023 மே 1 அதன் நூற்றாண்டு. முதலமைச்சர் மாலை வைக்கப் போகும் சிந்தாதிரிப்பேட்டைப் பூங்கா, நேப்பியர் பூங்காவாக இருந்து 1990இல் கருணாநிதி ஆட்சியில் மே தினப் பூங்காவானது. பத்து நாள் முன்னால் நிறைவேற்றிய மசோதாவோடு அங்குள்ள மே தின நினைவுத் தூணுக்கு முன்னால் போய் நிற்க முடியுமா? நாள்காட்டியைப் பார்க்காமல் யாரோ இந்த மசோதாவுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். இன்னொரு மாதத்தில் வந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் திரும்பியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நடைமுறையாகப் பார்த்தால் திரும்பப் பெறுவது சுலபமாகவும் இருந்தது. தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் வருவது. தொழிற்சாலைகள் சட்டம் மத்தியச் சட்டம். அதற்கு முரணாக மாநிலம் திருத்தம் செய்தால் அரசியலமைப்பின் 254(2)ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஆளுநர் மாளிகை, டெல்லி என்று நீண்ட பயணம் பாக்கி. முதல் படியிலேயே நிறுத்தியாகிவிட்டது. திரும்பப் பெற்ற விவரம் உறுப்பினர்களுக்குச் செய்திக்குறிப்பாகத் தெரிவிக்கப்படும் என்று மே தின உரையிலேயே சொல்லப்பட்டது.

இரண்டு வருடம் கழித்து

65ஏ போய்விட்டது, அதன் யோசனை போகவில்லை. 2025இல் ஆந்திரம் நாளுக்கு 10 மணி நேரம் என்று போனது. குஜராத் அவசரச் சட்டம் கொண்டு வந்து 12 மணி நேரத்துக்கு வழி செய்தது. இந்த முறை அறிவிக்கையாக இல்லாமல் சட்டத் திருத்தமாகவே. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சரியாகப் படித்தவர்கள் யாரோ அங்கே இருக்கிறார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்பதிலிருந்து எட்டு. ஆனால் ஓய்வு இடைவேளை எவ்வளவு, ஸ்பிரெட் ஓவர் எவ்வளவு என்பதை உரிய அரசு அறிவிக்கும். ஓ.டி.க்கு இரட்டைக் கூலி, தொழிலாளியின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. எத்தனை மணி நேரத்தைத் தாண்டினால் அது ஓ.டி. என்பது மட்டும் விதிகளில் வரும். பொதுநலன் கருதி, வேலைவாய்ப்பைப் பெருக்க, புதுத் தொழிற்சாலைகளுக்கு விலக்கு தரவும் மாநில அரசுக்கு அதில் அதிகாரம் உண்டு. இந்த ஏற்பாட்டில் 65ஏ-வின் சாயல் தெரிகிறதா என்று கேட்டால், எனக்குத் தெரிகிறது.

அந்த அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய மகள் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் இருக்கிறாள். தொகுப்புகள் வந்த வாரம் போன் செய்தார்.

“தம்பி, புதுச் சட்டத்துல டபுள் இருக்கா, போச்சா?”

“இருக்குண்ணே. 27ஆம் பிரிவு.”

“எத்தனை மணிக்கு மேல?”

“அதை அரசாங்கம் விதியில சொல்லும்ணே.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் டிவி சத்தம் கேட்டது.

“சரி, சொன்னதும் எனக்கு ஒரு போன் போடு. பாப்பா பி ஷிப்ட், ராத்திரி லேட்டாகும், எங்கிட்டயே சொல்லு.”